சம்யுவின் சாக்கடைப் பாடங்கள்

ஏப்ரல் 18, வெள்ளி

மத்தியானச் சோறு பாதியில் நின்றது. சம்யு தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நாய்க்குட்டியோ நடனமோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் ஏதோ ஓட்டலின் பின்பக்கச் சாக்கடையில் முழங்கை வரை கையை விட்டு, பாளம் பாளமாகக் கொழுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். முடியும் ஈரத்துணியும் அதில் சுற்றிக்கொண்டு வந்தன. என் தட்டில் தயிர்சாதம்.

"என்ன கருமம்டி இது?"

"அடைப்பு எடுக்கறாங்கம்மா. இப்பப் பாரு, மொத்தத் தண்ணியும் ஒரே நிமிசத்துல எறங்கும்."

இறங்கியது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி. நான் எழுந்துபோய் வாயில் இருந்ததைத் துப்பினேன்.

பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரப் பரிசோதனை எனக்கு வேலை. ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் துணியைத் தள்ளி வைப்பவள். எனக்கு இப்படி ஒரு மகள். ஒன்பதாவது முடித்து லீவில் இருக்கிறாள். அறிவியலில் நாற்பத்தொன்று.

இவரிடம் சொன்னேன். "போனப் புடுங்கி பீரோல வை" என்றார். பிடுங்கினேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் அப்படியே. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவளுடைய அறிவியல் டீச்சர் எமல்டாவுக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷி. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"புடுங்காதீங்க யமுனா. பிள்ள எதுல கண்ணு வெச்சிருக்கோ, அதுலயே பாடத்தக் கட்டி விடுங்க. சாக்கடையில இல்லாத பாடமா? பௌதிகம், வேதியியல், கணக்கு, சமூக அறிவியல், எல்லாம் அங்கயே கெடக்குது."

"பாத்தாலே கொமட்டுதுங்க டீச்சர்."

"நீங்க மூக்கப் புடிச்சுக்கோங்க. அவ படிக்கட்டும்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நிபந்தனை: சாயங்காலம் ஐந்தரைக்கு என்னோடு உட்கார்ந்து ஒரே ஒரு வீடியோ. அதிலிருந்து ஒரு பாடம். நோட்டில் எழுத வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கூடாது.

"நெசமாவா? நீயும் பாப்பியா?" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. என்னை அளப்பதுபோல் பார்த்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் பாடம். எண்ணெய் ஏன் குழாயில் கல்லாகிறது? கொழுப்பும் சோப்பும் கடினநீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? புத்தகத்தில் சோப்புத் தயாரிப்புப் பாடத்தை எடுத்து வைத்தோம். பரீட்சையில் அவளுக்கு வராத சமன்பாடு பத்து நிமிடத்தில் வந்தது.

நான் பாதி நேரம் திரையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தத்தை என்ன செய்வது? அந்தக் கொழகொழச் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ராத்திரிக்கு இட்லி மாவைக் கரண்டியில் எடுத்தபோது அதே சத்தம். தோசைக்கு மாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பாஸ்கல் விதி. நீர் பீய்ச்சும் குழாயின் அழுத்தம். புரிந்துகொண்டாள். எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று கணக்கு. அவளுடைய போனில் எந்தத் தேதியில் என்ன பார்த்தாள் என்ற பட்டியல் இருக்கிறது. அதை வைத்து வரைபடம் போடச் சொன்னேன். கிடையாக நாள், குத்தாக நிமிடம். எவ்வளவு நேரம் வீணாக்குகிறாள் என்று அவளே பார்க்கட்டும் என்பது என் யோசனை. கொஞ்சம் கெட்ட யோசனைதான்.

சுத்தமாகப் போட்டாள். ஜனவரி முழுக்கக் கோடு தரையில் கிடக்கிறது. பிப்ரவரி பன்னிரண்டு வரை பூஜ்யம். பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நாற்பது நிமிடம். பதினான்காம் தேதி மூன்று மணி நேரம். அப்புறம் இறங்கவே இல்லை.

"பாத்தியாம்மா?" என்றாள்.

"அச்சுக்குப் பேர் எழுத மறந்துட்டே" என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மேஜை மேல் கிடந்த வரைபடத்தை இவர் பார்த்தார். தேதியையும் பார்த்தார். "இந்தக் கூத்தெல்லாம் போதும். சமையல் வீடியோ பாக்கச் சொல்லு" என்று மடித்து அலமாரி மேல் போட்டார்.

யாராவது பின்னால் இதைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு விபத்து நடந்தது. ஆறுச்சாமி என்ற ஆள் குடிதண்ணீர்த் தொட்டி கழுவ வந்தான். வழுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டான். இவர் அசோசியேஷன் செயலாளர் என்பதால் போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைந்தார். அவனைத் தூக்கிப் போட்டபோது நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். அவ்வளவுதான். முடிந்துபோன விஷயம்.

மே 1, வியாழன்

கம்பெனி லீவு. காலையிலேயே உட்கார்ந்தோம். இன்று அவள்தான் வீடியோவைத் தேர்ந்தெடுத்தாள். வெளிநாட்டில் ஒரு கழிவுக்குழிக்குள் ஆள் இறங்குகிறான். முகமூடி, முதுகில் காற்று உருளை, இடுப்பில் கயிறு, மேலே மூன்று பேர், வாயுவை அளக்க ஒரு கருவி. இறங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் மூடியைத் திறந்து வைத்துக் காற்றடிக்கிறார்கள்.

"உள்ள என்ன வாயுன்னு சொல்லு" என்றேன்.

"ஹைட்ரஜன் சல்பைடு. ஹைட்ரஜன் ரெண்டு, கந்தகம் முப்பத்திரண்டு, மொத்தம் முப்பத்திநாலு. காத்து இருபத்தொம்பது. அதனால அடியில போய்ப் படுத்துக்கும்."

நாற்பத்தொன்று வாங்கிய பெண்ணா இது என்று பார்த்தேன்.

"அழுகின முட்டை நாத்தம் வரும்" என்றேன், என் பங்குக்கு.

"மொதல்ல வரும். வாயு ரொம்ப இருந்தா நாத்தம் நின்னுரும்மா. நின்னா வாயு போயிருச்சுன்னு அர்த்தமில்ல. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். உள்ள இருக்கறவரு, 'இப்பப் பரவால்ல, நாத்தமில்ல'ன்னு சொல்லுவாராம். அப்புறம் விழுந்துருவாராம்."

நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். பிறகு மூடினேன். குளிக்கப் போனேன். காலையில் ஒருமுறை குளித்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

கனஅளவு. எங்கள் கட்டிட வரைபடத்தை எடுத்து, பார்க்கிங்குக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்கைக் கணக்குப் போட்டாள். நீளம் நாலு மீட்டர், அகலம் மூன்று, ஆழம் இரண்டரை. முப்பதாயிரம் லிட்டர். லாரி ஒன்றுக்கு ஆறாயிரம் என்றால் ஐந்து நடை.

"அப்ப பிப்ரவரி பதிமூணு எத்தன லாரி வந்துதும்மா?"

"தெரியல."

"சரி, சமூக அறிவியல் போடுவோம். முதல்நிலைச் சான்றுன்னா என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் கீழே போனாள். வாட்ச்மேன் பொம்மையனிடம் கேட் ரிஜிஸ்டரைக் கேட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பால் வண்டி, கேஸ் வண்டி, கூரியர். லாரி இல்லை. பதினொன்றேகால் மணிக்கு ஒரு வரி: ஆறுச்சாமி. வந்த காரணம் என்ற கட்டத்தில் 'செப்டிக்' என்று எழுதி, மேலே வேறு பேனாவால் அடித்து, 'தண்ணித் தொட்டி' என்று எழுதியிருந்தது.

அந்தத் திருத்தம் யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். வீட்டு மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற இவருடைய எழுத்து.

மே 5, திங்கள்

பாடம் இல்லை. எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மே 8, வியாழன்

மூன்று நாள் தலைவலி. இன்று அவளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு திருப்புதல் பரீட்சைம்மா. பதினொண்ணுக்கே விட்டுட்டாங்க. நீ போன்ல இருந்தே. நான் செருப்பக் கழட்டாம மாடிப்படி ஜன்னல்ல நின்னுட்டேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அவரு எறங்குனாரு. மேல ஒரே ஒரு கயிறு. அதையும் பொம்மையண்ணன் தூண்ல கட்டிட்டு கேட்டத் தொறக்கப் போயிட்டாரு. நான் அவரு மேல வருவாருன்னு பாத்துட்டே இருந்தேன். ரொம்ப நேரம். யாராச்சும் கத்துவாங்கன்னு நெனச்சேன். நான் கத்தியிருக்கலாம். கத்தல."

"நீ கொழந்தை சம்யு."

"அந்த வீடியோல எல்லாம் ஆள் வெளிய வந்துருவாங்கம்மா. அதுக்குத்தான் பாக்கறேன்."

தோளில் கை வைக்கப் போனேன். கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். குமட்டலைப் பற்றி இத்தனை நாள் எழுதினேனே, அது ஒன்றுமே இல்லை. பெற்ற மகள் என் கை பட்டுவிடக் கூடாது என்று நகர்ந்தாளே, அந்த அரை அடி.

மே 9, வெள்ளி

ஏப்ரல் 28ஆம் தேதி எழுதியது பொய். சரியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி பதின்மூன்றுக்கு மறுநாள் என் தங்கையின் சம்பந்தி வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாக இருந்தது. கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் மேலே பொங்கியது. ஹால் வரை நாற்றம். லாரிக்காரன் இரண்டு நாள் ஆகும் என்றான். நான் இவருக்கு மூன்று முறை போன் செய்தேன். "என் மானம் போவுதுங்க, எங்கிருந்தாவது ஆளப் புடிச்சு அனுப்புங்க" என்று கத்தினேன். இவர் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி ஆறுச்சாமியை அனுப்பினார்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். "அக்கா, வாயு நெறைய இருக்குதுங்க. இன்னிக்கு மூடியத் தொறந்து போட்டுர்றேன். நாளைக்கு எறங்கறனுங்க."

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. இன்னிக்கே ஆகோணும்" என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். குப்பைக்குப் போக வேண்டிய ஒரு பாட்டிலில் ஊற்றி, படிக்கட்டில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. "பாட்டிலத் திருப்பித் தர வேண்டாம்" என்றேன்.

அவரைத் தூக்கிப் போட்டபோது நான் தண்ணீர் கொண்டு ஓடியது உண்மை. வாளியில், பினாயில் கலந்து. தரையைக் கழுவ.

சாயங்காலம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். 'குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது கால் வழுக்கி விழுந்ததை நேரில் கண்டேன்.' போலீசுக்குக் கொடுத்தது அதுதான்.

கறை பிடிக்கிற வேலைக்கு என்னை யார் எடுத்தார்கள்?

மே 13, செவ்வாய்

தமிழ்ப் பாடம். கடிதம் எழுதுதல். பத்தாம் வகுப்பில் வருமாம். நான் கேட்காமலே எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். பெறுநர்: மாவட்ட ஆட்சியர். பொருள்: ஆறுச்சாமி அவர்களின் இறப்புக் குறித்த உண்மை.

பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'கழிவு தொட்டி' என்பதில் ஒற்று விட்டிருந்தாள். போட்டேன். மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவது சட்டப்படி குற்றம் என்று எழுதி, சட்டம் வந்த ஆண்டையும் சரியாகக் குறித்திருந்தாள். கடைசிப் பத்தி இது: 'எங்கள் வீட்டில் இதை நேரில் கண்டவர்கள் இருவர். ஒருவர் நான். இன்னொருவர்' என்று எழுதி, ஒரு வரி இடம் விட்டிருந்தாள்.

"இது ஏன் காலியா இருக்குது?"

"அது நான் எழுதக் கூடாதும்மா."

மே 17, சனி

இவரிடம் சொன்னேன். கடிதத்தில் விட்ட வரியை நான் நிரப்பப் போகிறேன் என்றதும் முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? அந்தாளு பொண்டாட்டிக்கு அசோசியேஷன்ல செய்ய வேண்டியது செஞ்சாச்சு. முப்பத்தாறு வீடு இருக்குது. அத்தன பேர் மானமும் என் தலைல."

"மானத்துக்காகத்தானுங்க அவர எறக்குனோம்."

"என்னய உள்ள தள்ளோணுமா?"

"கையெழுத்துல என் பேரும் இருக்குதுங்க. நானும்தான் வருவேன்."

என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நான் துணியில் கறையைப் பார்க்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும்போல. "பொண்ண வெச்சு பாடம் நடத்தறேன்னு வீட்டுக்குள்ள சாக்கடையக் கொண்டு வந்துட்டே" என்றார். சட்டைகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சாக்கடை ஏற்கனவே வீட்டுக்குள்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். அவர் படியிறங்கிவிட்டார்.

மே 18, ஞாயிறு

ஆறுச்சாமியின் மனைவி சரசாள் வீட்டுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காலனி. சம்யு கூட வந்தாள். ஒரே அறை, சுத்தமாகப் பெருக்கிய தரை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மறுநாள் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போவதையும் சொன்னேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"தண்ணித் தொட்டி கழுவப் போனாருன்னு எழுதுனாங்க. ஆஸ்பத்திரில சட்டையக் குடுத்தாங்க. மோந்து பாத்தனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

முறத்தைக் கீழே வைத்தார்.

"இந்த வேலைக்குப் போற அன்னிக்குக் காலைல சோறு வேண்டாம்பாரு. தின்னா உள்ளார வாந்தி வருமுங்களாம். அன்னிக்கும் வேண்டாம்னாரு. சட்டையோட ஸ்டேசனுக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட சாட்சி இருக்குதம்மா, பெரிய வீட்டுப் பொம்பளைன்னாங்க."

அந்தப் பெரிய வீட்டுப் பொம்பளை நான்தான் என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். துப்பியிருக்கலாம். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணிக்குப் போவோணும்?" என்று சம்யுவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். இரண்டரை மணி நேரம் வரிசை. எனக்கு முன்னால் சம்யு, பின்னால் சரசாள். கடிதத்தில் விட்டிருந்த வரியை வரிசையில் நின்றபடி, சம்யுவின் முதுகில் காகிதத்தை வைத்து நிரப்பினேன். 'இன்னொருவர் நான், யமுனா. வாயு இருப்பதாக அவர் சொன்ன பிறகும் அன்றே இறங்கச் சொன்னவள் நான். முன்பு நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது பொய்.'

வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தார். "அம்மா, இதுல உங்க மேலயே கேஸ் வரும். தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க."

வெளியே வந்து மரத்தடியில் வாந்தி எடுத்தேன். சம்யு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள்.

மே 27, செவ்வாய்

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். லிஃப்டில் என்னோடு யாரும் ஏறுவதில்லை. மூன்றாம் மாடிப் பெண்மணி என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடினாள். நாற்றம் எதுவும் இல்லை. எனக்குப் புரிந்தது.

ஜூன் 4, புதன்

இவரையும் ஒப்பந்தக்காரரையும் விசாரணைக்கு அழைத்தார்கள். வழக்கு மாற்றிப் பதியப்பட்டது. இவருக்கு முன்ஜாமீன் கிடைத்தது. எனக்கும் அழைப்பு வந்தது. ஸ்டேஷனில் இவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் பேசினேன், அவர் பேசவில்லை. போகும்போது மட்டும், "சம்யு எப்படி இருக்கா?" என்றார்.

"பத்தாவது போறா. நல்லாப் படிக்கிறா."

தலையாட்டினார்.

ஜூன் 12, வியாழன்

இன்று தாசில்தாரும் போலீசும் செப்டிக் டேங்கைப் பார்க்க வந்தார்கள். சாட்சிகள் இருக்க வேண்டும் என்று என்னையும் சரசாளையும் அழைத்திருந்தார்கள். சம்யு பள்ளிக்கூடம் போயிருந்தாள். எந்த ஜன்னலும் திறந்திருக்கவில்லை. ஆனால் திரைகள் அசைந்தன.

இரண்டு பேர் கம்பியால் நெம்பி மூடியைத் தூக்கினார்கள். நாற்றம் முகத்தில் அறைந்தது. தாசில்தார் கைக்குட்டையை எடுத்தார், போலீஸ்காரர் திரும்பிக்கொண்டார். நான் மூக்கை மூடவில்லை. மூடக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். அந்தச் சதுரக் கறுப்பைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எத்தனை படி இறங்கினார், எங்கே கால் வைத்தார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு அடியாகக் கிட்டே போனேன்.

பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து ஒரு கை இழுத்தது. சரசாள்.

"கிட்டப் போவாதீங்க" என்றார். "வாயு. மொதல்ல கொஞ்ச நேரம் தொறந்து கெடக்கட்டும்."

குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. யாரிடமும் சொல்வதுபோல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நான் தள்ளி வந்து நின்றேன். முக்கால் மணி நேரம், எல்லோரும் காத்திருந்தோம்.